சுறா பார்க்கப் போகும் மகளுக்கு

சின்னத்துறை,
ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைத் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தான். வரி விடாமல் படித்தேன். பதினாறு பயணிகள் மட்டும் ஏறும் சிறிய கப்பல், எட்டு நாள், ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் சான் கிறிஸ்டோபல், எஸ்பனோலா, ஃப்ளோரியானா என்று தீவு தீவாகப் போகிறது. கடலுக்குப் போனால் காசு வரும் என்றுதான் நம் வீட்டில் இதுவரை வழக்கம். காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறவள் நீதான் முதல். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையும் அடித்துக்கொள்கிறாள்.

என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். துணிமணிப் பட்டியலைக் கப்பல்காரர்களே தருவார்கள். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன்.

முதலில் மாதம். ஆகஸ்டில் அங்கே கடல் மோசமாக இருக்கும் என்று உன் தோழி பயமுறுத்தியதாக எழுதியிருந்தாய். அவள் சொன்னதில் பாதி உண்மை. ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. தென்கிழக்குக் காற்று விடாது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அலை அதிகம், காலையில் தூறலும் மூட்டமுமாக இருக்கும். ஆனால் மகளே, குளிர்ந்த நீர் எங்கே மேலே வருகிறதோ அங்கேதான் இரை இருக்கும். அடியிலிருந்து வரும் நீரில் கடலுக்கு வேண்டிய உரம் இருக்கிறது. அதில் பாசி பெருகும், பாசிக்குச் சிறுமீன் வரும், சிறுமீனுக்குப் பெருமீனும் பறவையும் வரும். தென்மேற்குப் பருவக்காற்றில் நம் கடலும் இப்படித்தான் அடிநீரைப் புரட்டுகிறது. காற்று அடங்கியதும் வலையின் மடி நிறைவது அந்தக் கணக்கில்தான். விலங்கு பார்க்கப் போகிறவள் கடல் அமைதியாக இருக்கும் மாதம் பார்த்துப் போனால் வெயிலில் காய்ந்துவிட்டு வரலாம். நீ சரியான மாதத்தைத்தான் எடுத்திருக்கிறாய். எஸ்பனோலாவில் கூடு கட்டும் ஆல்பட்ரோஸ் பறவைகளும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான் அங்கே இருக்கும்.

ஆனால் எஸ்பனோலாவுக்குப் போகும் வழி திறந்த கடல். அதனால் அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேள். மேல்தளத்து அறைக்குச் சன்னல் பெரிது, விலை பெரிது, ஆட்டமும் பெரிது. அணியத்துப் பக்கம், அதாவது கப்பலின் முன்முனையில் படுத்தால் ஒவ்வோர் அலைக்கும் உன்னைத் தூக்கித் தூக்கிப் போடும். கீழே இன்ஜின் சத்தம் கேட்கத்தான் செய்யும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்கெல்லாம் தூக்கம் வராது.

கடல் குமட்டலுக்கான மாத்திரை பற்றி நர்சான உனக்கு நான் பாடம் எடுக்கவில்லை. குமட்டிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும், நங்கூரம் தூக்கும் முன்பே போட்டுக்கொள் என்பதை மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு இருக்காதே. புதிதாகக் கடலுக்கு வரும் பையன்கள் வாந்திக்குப் பயந்து சாப்பிடாமல் படகேறுவார்கள், அவர்கள்தான் முதலில் சுருண்டு விழுவார்கள். உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும் கையில் இருக்கட்டும். தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்காதே. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்.

அடுத்தது படகு மாறுவது. எந்தக் கப்பலிலும் ஆட்கள் அடிபடும் இடம் அதுதான். கப்பல் கரைக்குப் போகாது. ரப்பர் படகில் ஏற்றித்தான் தீவில் இறக்குவார்கள். அந்தப் படகு கப்பலோரம் நிற்பதுபோலத் தெரியும், ஆனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் நம் ஆட்கள் அலையை எண்ணிக்கொண்டு காத்திருப்பதை நீ பார்த்திருக்கிறாய். அதேபோல நீயும் நின்று பார். படகு அலையின் உச்சிக்கு வந்து ஒரு நொடி தயங்கும், அப்போது காலை வை. கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது வைத்தால் காலுக்கடியில் படகு இருக்காது. மாலுமி கை நீட்டினால் விரலைப் பிடிக்காதே. உன் கை அவர் மணிக்கட்டுக்கு மேலே, அவர் கை உன் மணிக்கட்டுக்கு மேலே என்று முன்கையோடு முன்கை கோத்துப் பிடி. ஒருவர் பிடி வழுக்கினாலும் மற்றவர் பிடி நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமராவோ பையோ எதுவானாலும் முதுகில் போட்டுக்கொள், இல்லாவிட்டால் முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு இறங்கு.

சில தீவுகளில் பாறையில் கால் நனையாமல் இறங்கலாம். சிலவற்றில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அப்படி நடக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதே. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனதே, அன்று இங்கே புயல் ஒன்றும் இல்லை. வெகு தெற்கே கிளம்பிய அலைதான் கள்ளக்கடலாக வந்து ஏறியது. லைஃப் ஜாக்கெட்டைப் போடச் சொன்னால் கொக்கியை மாட்டும் வரை போட்டதாக நினைக்காதே. முதல் நாள் ஆபத்துக்காலப் பயிற்சி நடத்துவார்கள், அதில் விளையாட்டாக நிற்காதே. ஒக்கி புயல் வந்த 2017 நவம்பருக்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நீச்சல். நம் கரையில் ஆண்பிள்ளைகள் நடக்கும்போதே நீந்துவார்கள், பெண்பிள்ளைகள் கடலோரத்திலேயே வளர்ந்து கடலில் இறங்காமல் கிழவியாகிவிடுவார்கள். யார் வைத்த சட்டமோ தெரியவில்லை. நீ டப்ளினில் குளத்தில் கற்றுக்கொண்டாய், அது போதும். ஆனால் ஸ்நார்கெலை முதன்முதலாகக் கடலில் வைத்துப் பழகாதே. புறப்படும் முன் அந்தக் குளத்திலேயே முகமூடியும் குழாயும் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி வாயால் மூச்சு விட்டுப் பழகு. கடையில் முகமூடியை வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழு. கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உன் முகத்துக்கு ஏற்றது. தண்ணீர் நம் கடல்போல வெதுவெதுப்பாக இருக்காது, 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ரப்பர் உடையைப் போட்டுக்கொள், அது உன்னை மிதக்கவும் வைக்கும்.

சான் கிறிஸ்டோபலுக்குப் பக்கத்தில் கடலிலிருந்து செங்குத்தாக நிற்கும் பாறை ஒன்று இருக்கிறது, கிக்கர் ராக். அதன் நடுவே உள்ள இடுக்கில் உங்களை இறக்குவார்கள் என்று திட்டத்தில் இருக்கிறது. அங்கே கீழே சுறாக்கள் போகும். கலாபகோஸ் சுறா இருக்கும், வாய்ப்பிருந்தால் சுத்தியல்போலத் தலையுள்ள கொம்பன் சுறாவும் வரும். நீ பயப்படுவதாக எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். தண்ணீரை அடித்து உதைத்துக் கலக்காதே, கூட்டத்தை விட்டு விலகாதே, அதன் பின்னால் துரத்திக்கொண்டு போகாதே. கொம்பன் கூச்சப்படும் மீன். உன்னைப் பார்த்தால் அதுவாகவே விலகிப் போகும்.

உன்னோடு வருகிறவர்கள் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். மறைக்காதே. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் சுறாத் தூண்டில்காரர்கள். சுறா விற்ற காசுதான் உன் நர்சிங் கல்லூரிக் கட்டணம். யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். 2001இல் அரசு எல்லாச் சுறாவையும் பிடிக்கக் கூடாது என்றது, பிறகு பட்டியலைச் சுருக்கியது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஒவ்வொரு முறையும் இந்தக் கரை கணக்கை மாற்றிப் போட்டுப் பிழைத்தது. அந்தத் தீவுகளைச் சுற்றி 1998இல் கடல் காப்பகம் அமைத்தபோது பெரிய கப்பல்களின் மீன்பிடிப்பைத் தடுத்துவிட்டு, உள்ளூர்ச் சிறு மீனவர்களுக்கு வழி வைத்தார்கள். அது எனக்குப் பிடித்தது. 2017இல் அந்தக் காப்பகத்துக்குள் பிடிபட்ட ஒரே ஒரு சீனக் கப்பலின் கிடங்கில் 6,000க்கும் மேற்பட்ட சுறாக்கள் இருந்தன. தூண்டில்காரனையும் அந்தக் கிடங்கையும் ஒரே தராசில் வைக்கிறவர்களோடு நீ வாதாட வேண்டாம், சாப்பாடு ஆறிவிடும்.

சின்ன வயதில் நீ கரையில் கிடக்கும் சுறாவின் முதுகைத் தடவுவாய். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று இருக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையைக் கீறிவிடும், நீ கத்துவாய், மறுபடியும் தடவுவாய். சுறாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது அந்தத் தோலும் அம்மாவின் புட்டும்தான். எனக்குத் தெரிந்ததும் அதைவிட வெகுதூரம் போகாது. கொம்பன் தூண்டிலில் நெடுநேரம் தாங்காது, நாங்கள் கயிற்றை இழுக்கும்போது பெரும்பாலும் செத்திருக்கும். இவ்வளவு காலம் பிடித்தவன், அது உயிரோடு தன் போக்கில் நீந்துவதை நான் சரியாகப் பார்த்ததில்லை. நீ பார்த்து வந்து சொல். தலையை இருபக்கமும் ஆட்டிக்கொண்டு போகுமா? உடம்பை ஒருக்களித்துச் சாய்த்து நீந்தும் என்கிறார்களே, உண்மையா? கூட்டமாக வந்தால் பெரியது முன்னால் போகிறதா, நடுவில் போகிறதா? இதையெல்லாம் படத்தில் பிடிக்கப் பார்க்காதே. முதலில் கண்ணால் பார், கரைக்கு வந்ததும் எழுதி வை.

கரையில் உள்ள சட்டங்களை வழிகாட்டி சொல்வார். விலங்குக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது, பிளாஷ் அடிக்கக் கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே விலங்குகள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. நீலக்கால் பறவை பாதையின் நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும், சுற்றிப் போக வேண்டியது நீதான். கடற்சிங்கக் குட்டி தானாக உன் காலடிக்கு வந்து முகர்ந்தாலும் தொடாதே. தாய் அதன் குரலையும் வாசனையையும் வைத்துத்தான் தன் குட்டியை அறிகிறது. பெரிய ஆண் கடற்சிங்கம் கரையில் குரைத்துக்கொண்டு திரிந்தால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதே.

தொலைநோக்கி வாங்கினால் எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம். பெரிதாகக் காட்டக் காட்ட ஆட்டமும் பெரிதாகும், படகில் ஒன்றும் பிடிபடாது. பெட்டி வேண்டாம், மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய துணிப்பை போதும். மூட்டத்தை நம்பி வெயிலை மறக்காதே, அது நிலநடுக்கோடு. முழுக்கைச் சட்டை போடு.

அம்மா முந்திரிக்கொத்தும் மாங்காய் ஊறுகாயும் கொஞ்சம் பலாக்கொட்டையும் கட்டி வைத்து, டப்ளின் போகும் யாரிடமாவது கொடுத்துவிடப் பார்க்கிறாள். டப்ளினிலேயே தின்று தீர்த்துவிடு. தீவுக்குப் புறப்படும் விமான நிலையத்தில் விதை, பழம், செடி இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள். வேற்றூர் விதையும் பூச்சியும் அங்கே நுழைந்தால் தீவே கெட்டுவிடும் என்பது அவர்கள் பயம், நியாயமான பயம். தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர், 2024 ஆகஸ்டில்தான் அதை இரட்டிப்பாக்கினார்கள். அதோடு 20 டாலருக்கு ஓர் அனுமதி அட்டையும் வாங்க வேண்டும். நோட்டாகவே வைத்துக்கொள்.

இதை மட்டும் மறக்கவே கூடாது. நீ அங்கிருந்து நேரே ஊருக்கு வருகிறாய். ஈக்வடார் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனியே அடைத்து வைப்பார்கள். ஊசி போட்டுப் 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் உன் அம்மா நின்று அழுவதை என்னால் சமாளிக்க முடியாது. இந்த வாரமே போட்டுக்கொள்.

ஃப்ளோரியானாவில் ஒரு பீப்பாய் இருக்கிறதாம். திமிங்கல வேட்டைக்காரர்கள் இருநூறு ஆண்டுக்கு முன்பே வைத்த தபால் பெட்டி. தபால்தலை ஒட்டாமல் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்தால், பின்னால் வருகிற யாராவது தங்கள் ஊர்ப் பக்கத்து முகவரியைப் பார்த்து எடுத்துப் போய்க் கையில் கொடுப்பார்களாம். எங்களுக்கு ஒன்று போடு. நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் என்று முகவரி போட்டது ஏதாவது அதில் கிடந்தால் எடுத்து வா. நான் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிடுகிறேன், தடைக்காலம் முடிந்தாலும் எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

அம்மாவுக்கு இன்னும் ஒரே சந்தேகம், அந்தக் கப்பலில் சோறு போடுவார்களா என்று. ஈக்வடாரில் சோறும் மீனும் அன்றாடச் சாப்பாடுதான் என்று தம்பி சொன்னான், அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீயே சொல்லிவிடு.

அப்பா