உடல் கூடத்து நாக்குப் படம் பற்றி உங்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அந்த வீடியோவை இதற்குள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் யாராவது அனுப்பிவைத்திருப்பார்கள். நம் கேளிக்கைப் பூங்காவில், மனித உடலைப் பெரிய பொம்மைகளாகச் செய்து காட்டும் உடல் கூடத்தை மறுபடி திறந்தோம் அல்லவா, அங்கே ஆளுயர நாக்கு பொம்மைக்கு முன்னால் ஒரு சிறுவன் நிற்கிறான். நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு, உள்ளே கசப்பு என்று நான்கு நிறம் தீட்டிய நாக்கு. அவன் விரலில் சர்க்கரையைத் தொட்டு, தன் நாக்கின் உள்பக்கம் வைத்துப் பார்க்கிறான். "இங்கயும் இனிக்குதேப்பா" என்கிறான். வீடியோ அவ்வளவுதான். கீழே போட்டிருந்த வரிதான் ஊரைச் சுற்றியது: காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லித் தருகிறார்கள்.

பையன் சொன்னது சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் 'பொய்' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை நாங்கள் கற்பனையில் வரையவில்லை. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் ஓரங்களில் சுவைக் கரைசல்களை வைத்துப் பார்த்து, இடத்துக்கு இடம் உணரும் திறன் கொஞ்சம் கூடிக் குறைவதை எழுதிவைத்தார். 1942இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் அந்த அளவுகளைத் தம் நூலில் வரைபடமாகப் போட்டார். வித்தியாசம் எவ்வளவு சின்னது என்பது அந்தக் கோடுகளில் தெரியாமல் போய்விட்டது. பார்த்தவர்கள் நுனிக்கு இனிப்பு மட்டும்தான் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அது பாடப்புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து வகுப்பறைச் சுவருக்கு ஏறியது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி சோதித்து, வித்தியாசம் இருந்தாலும் பொருட்படுத்தும்படி இல்லை என்று காட்டினார். ஜப்பானில் இகேடா என்ற வேதியியலாளர் உமாமி என்ற ஐந்தாவது சுவையை 1908லேயே சொல்லிவிட்டார். எங்கள் நாக்கில் அதற்கு ஒரு சொட்டு பெயின்ட்கூடக் கிடையாது. அறுசுவை என்று பேசுகிற நாம் நான்கு நிறத்தோடு நிறுத்திக்கொண்டோம்! நான் பள்ளியில் அந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியவன். உங்களிலும் பலர் வாங்கியிருப்பீர்கள்.

சரி, பாடப்புத்தகத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிட முடியாது. கூடத்தைத் திறப்பதற்கு முன்னால் அதே நான்கு வட்டங்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்தது எங்கள் கைதான். மற்றதையெல்லாம் கவனித்தோம் என்பதையாவது சொல்லிவிடுகிறேன். பழைய மாதிரியில் சிரைகளுக்கு அடித்திருந்த நீல நிறத்தைச் சுரண்டிவிட்டு அடர் சிவப்பு அடித்தோம், ஏனென்றால் நீல ரத்தம் ஓடுகிறது என்று நம்பியே எத்தனையோ குழந்தைகள் வெளியே போயிருக்கிறார்கள். மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற பலகையைக் கழற்றி எறிந்தோம். நாக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

முன்பு கூடத்தைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர், கூடம் மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் இரண்டு டப்பா இருக்கும், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் உப்பு. நாக்கு பொம்மைக்கு முன்னால் குழந்தைகளை நிறுத்தி, "படம் கிடக்கட்டும், நீ வச்சுப் பாரு" என்பார். குழந்தைகளைச் சிரிக்கவைக்கச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எத்தனையோ முறை அந்தப் பக்கமாக நடந்து போயிருக்கிறேன், நின்று கேட்டதில்லை. அவர் போன பிறகு டப்பாக்களையும் யாரோ சுத்தம் செய்து எடுத்து வைத்துவிட்டார்கள். வீடியோவைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இழுப்பறைதான்.

வேறு சிலர் கேட்டது: விளையாட வந்த இடத்தில் எதற்குப் பாடம்? ராட்டினத்தை ஓட்டிக்கொண்டு பேசாமல் இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் இது நம் பித்து மட்டும் இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் 1954இல் ஆள் உள்ளே புகுந்து நடக்கிற ஒரு ராட்சத இதயத்தைக் காகிதக் கூழிலும் கம்பி வலையிலும் செய்து வைத்தார்கள். ஆறு மாதத்துக்குத்தான் என்று திட்டம். பலமுறை பழுது பார்த்து இன்னும் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஜனங்கள் எடுக்க விடவில்லை. நெதர்லாந்தில் 2008இல் திறந்த கார்ப்பஸ் என்ற மனித உடல் அருங்காட்சியகத்தில் முழங்கால் வழியாக நுழைந்து மூளை வரைக்கும் ஏறிப் போகலாம்.

எல்லாமே நிலைத்தது என்றும் சொல்ல மாட்டேன். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 1989இல் உடல்நலத்துக்கென்றே தங்க நிறக் குவிமாடத்தோடு ஒரு பெரிய கூடம் திறந்தார்கள். குட்டி வண்டியில் ரத்த ஓட்டத்துக்குள் போகிற ரைடுகூட அதில் இருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனம் செலவைப் பகிர்ந்துகொண்டது. 2001இல் அந்த ஆதரவு நின்றது, 2007இல் கூடம் முழுதாக மூடிவிட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எங்களுக்கும் ஆதரவு தர ஒரு குளிர்பான நிறுவனம் வந்தது. வயிற்று அறைக்குள் அவர்கள் பாட்டில் மிதக்க வேண்டுமாம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். மின்சாரம், ஹைட்ராலிக் எண்ணெய், ஃபைபர் வேலை எல்லாம் ஏறிக்கிடக்கிற நேரத்தில் அதைச் செய்தோம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதனால் ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்களும் உடல் கூடத்துக்கு வார இறுதியில் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

கூடத்தில் எனக்குப் பிடித்தது இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குமிழ்தான். ஓய்வில் இருக்கும்போது ஒரு துடிப்புக்கு இதயம் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். ஒரு அமுக்குக்கு அதே அளவு நீர் தள்ளும் குமிழை வைத்து, பக்கத்தில் ஐந்து லிட்டர் வாளியும் கடிகாரமும் வைத்திருக்கிறோம். ஒரு நிமிடத்தில் வாளியை நிரப்ப வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற அண்ணன்மார்கூட நாற்பதாவது நொடியில் கையை உதறுகிறார்கள். அப்போது அவர்கள் இன்னொரு கை தானாக நெஞ்சுக்குப் போகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மாலையில் அங்கே போய் நிற்பேன்.

ஆடும் நாற்காலி ரைடில் தலை சுற்றியதாகச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் நாம் பாய்வதாகக் கண் சொல்கிறது, உட்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் அப்படி இல்லை என்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டும். படத்தையும் அசைவையும் மறுபடி பொருத்தியிருக்கிறோம். ஆடாத பெஞ்சு ஒன்றும் பின்வரிசையில் போட்டாயிற்று.

நாக்கிலிருந்து நிறங்களை அழித்துவிட்டோம். வெறும் நாக்காக நிற்கிறது. முன்னால் ஒரு மேசையில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத காபி, ஆளுக்கொரு பஞ்சுக்குச்சி. ஏதாவது ஒவ்வாமை இருந்தால் மேசையில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சிறுவனின் வீட்டாருக்குச் சேதி அனுப்பியிருக்கிறோம். மேசையின் முதல் நாள் அவன் வந்து உட்கார்ந்து மற்றக் குழந்தைகளுக்குக் காட்டட்டும் என்பது எங்கள் ஆசை. நர்ஸம்மாவுக்கும் போன் செய்தேன். "டப்பா ரெண்டும் எங்க?" என்றுதான் கேட்டார். தேடி எடுத்துவிட்டோம், அதே டப்பாக்கள்தான் மேசையில் இருக்கின்றன.

கூடம் மூடிக்கிடந்த காலத்தில் எப்போது திறப்பீர்கள் என்று கவுண்டரில் விடாமல் கேட்டவர்கள், பிள்ளைகளாக வந்து இன்று பிள்ளைகளோடு வருகிறவர்கள், வீடியோ சுற்றிய வாரத்திலும் வந்து வரிசையில் நின்றவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஷட்டரைத் தூக்கும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பூங்காவின் உரிமையாளர்

பி.கு.: இதய அறையின் கதவுகள் வால்வுகளைப் போல ஒரு பக்கம்தான் திறக்கும். பாதியில் திரும்பி வர முடியாது. போன வாரம் ஒரு தாத்தா கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டு மூன்று முறை சுற்றினார். கண்ணாடி கவுண்டரில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும்.