வெள்ளாளன்விளைப் பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் வெள்ளாளன்விளைக்கு அழைத்துப் போகிறோம். ஒப்புதல் சீட்டைப் பார்த்ததும் உங்களில் சிலர் நேரில் வந்து, "ஒரு பிஷப்பைப் பற்றி எதற்குப் பாடம்? இது மதப் பாடமா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அந்த பிஷப், வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா கிராமச் சபையின் குருவானவர். மெஞ்ஞானபுரத்தில் பள்ளிப்படிப்பு, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம். இறுதித் தேர்வு நேரத்தில் உடல்நிலை கெட்டதால் பட்டம் வாங்காமலேயே 1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் வேலையில் சேர்ந்துவிட்டார். அந்த வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்திலேயே ஊழியர்களை வெளியூர்களுக்கு அனுப்புவதைப் பார்த்தார். நம்மாலும் முடியுமே என்று தோன்றியிருக்கிறது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்பது அதன் உறுதி.

பேசியதோடு நிற்காமல் தானே புறப்பட்டுப் போனார் என்பதுதான் இந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1909இல் குருப்பட்டம் பெற்று, நிஜாம் ஆட்சியில் இருந்த ஐதராபாத் சமஸ்தானத்தின் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். முப்பது வயதைத் தாண்டிய தமிழர் அங்கே உட்கார்ந்து தெலுங்கு படித்தார். வாழ்நாளின் மீதியை அந்த மொழியிலேயே, மாலா, மாதிகா மக்களிடையே கழித்தார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல், பள்ளிக்கூடத்துப் பக்கம் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். அவர்களுக்கு எழுத்தறிவு, சுத்தம், குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை, எல்லாமே அவர் வேலைக்குள் அடங்கியிருந்தன.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நீங்கள் எங்களுக்காக உடைமையையும் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். ஆளுகிற நாட்டில் நின்றுகொண்டு, ஆளப்படுகிற நாட்டிலிருந்து வந்த முப்பத்தைந்து வயதுக்காரர் சொன்னது இது. அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நம் பிள்ளைகள் அந்தப் பேச்சை வகுப்பில் முழுதாகப் படிக்கப் போகிறார்கள்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் (பிஷப்) பட்டம் கிடைத்தது. இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அது எளிதாக நடக்கவில்லை. ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்ய விரும்பாத ஆங்கிலேயர்களும் எதிர்த்தார்கள், இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலரும் எதிர்த்தார்கள். 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 1939இல் திறக்கப்பட்டது. மசூதியின் குவிமாடமும் தென்னிந்தியக் கோயில் தூண்களும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருக்கும். அதன் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சரி, மதப் பாடமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் வாழ்க்கையின் மையத்தில் மதம் இருந்தது. அதை மறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் நாங்கள் சொல்லிக்கொடுப்பது வரலாறு, அதனால் சச்சரவுகளையும் சேர்த்தே சொல்கிறோம். மதமாற்றம் பற்றி காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930களில் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அதே அசரியாதான் கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றும் சொன்னார். தேசத்திலிருந்து தன் மக்கள் பிரிந்து நிற்கக் கூடாது என்பது அவர் நினைப்பு. இரண்டு தரப்பு வாதத்தையும் பிள்ளைகள் படித்து, தாங்களே பேசி முடிவு செய்யட்டும். எந்தப் பக்கம் சரி என்று ஆசிரியர் சொல்ல மாட்டார். பயணத்தில் ஜெபமோ வழிபாடோ கிடையாது. தேவாலயத்துக்குள் போக விருப்பமில்லாத பிள்ளை வெளியே ஆசிரியரோடு இருக்கலாம்.

தரங்கம்பாடியில் 1919இல் அவர் முன்னின்று தொடங்கிய, பிரிந்து கிடந்த கிறிஸ்தவச் சபைகளை ஒன்றாக இணைப்பதற்கான பேச்சு, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே காலமாகிவிட்டார். நம் பக்கத்து மண்ணில் பிறந்த இப்படிப்பட்ட ஒருவரின் பெயரே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது தோர்ணக்கல்லில் வேலை பார்த்திருந்தாலோ, அந்தக் காலத்துக் கடிதமோ படமோ வைத்திருந்தாலோ வரலாற்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். பயணத்துக்குத் தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்திட்ட சீட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும். இன்னும் தயக்கம் இருந்தால் மாலை நான்கு மணிக்குப் பிறகு என் அறைக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்