பில் ஷாங்க்லி இங்கிலாந்துக்காரர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் உலகின் பெரிய கால்பந்து மேலாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். லிவர்பூல் அணியின் பில் ஷாங்க்லிக்கு அதில் கிடைத்தது நான்கே வரி. அந்த நான்கு வரிக்குள் இரண்டு தவறுகள். எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

முதல் தவறு, அவரை 'இங்கிலாந்தைச் சேர்ந்தவர்' என்று போட்டிருப்பது. ஷாங்க்லி ஸ்காட்லாந்துக்காரர். ஏர்ஷயர் பகுதியில் க்ளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1913 செப்டம்பர் 2 அன்று பிறந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அதில் ஆண்பிள்ளைகள் ஐந்து பேர், ஐவருமே சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர்கள். அந்த வீடு மட்டுமல்ல, அந்த ஊரே அப்படி. விரல்விட்டு எண்ணக்கூடிய தெருக்கள் கொண்ட க்ளென்பக்கிலிருந்து ஏறத்தாழ ஐம்பது பேர் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் போயிருக்கிறார்கள். ஊர் அணிக்குச் செர்ரிபிக்கர்ஸ் என்று பெயர். ஷாங்க்லி 14 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கரி அள்ளிய பிறகு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. மான்செஸ்டர் யுனைடெட்டின் மேட் பஸ்பி, செல்ட்டிக்கின் ஜாக் ஸ்டீன், இவர் என மூவருமே மேற்கு ஸ்காட்லாந்தின் சுரங்கப் பகுதியில் பிறந்து, சுரங்கத்தில் வேலையும் பார்த்தவர்கள். அப்படிப்பட்டவரை இங்கிலாந்துக்காரர் ஆக்கிவிட்டால் அவர் எங்கிருந்து வந்தார், ஏன் அப்படி இருந்தார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது தவறு, கால்பந்து வாழ்வா சாவா என்பதைவிடப் பெரியது என்று அவர் 'பெருமையுடன் முழங்கினார்' என எழுதியது. அவர் அதைச் சொன்னது 1981-ல், ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில். கால்பந்தே கதி என்று கிடந்ததற்காக வருந்துகிறேன், என் குடும்பத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்ற பேச்சோடு சேர்த்துச் சொன்னார். அது முழக்கம் அல்ல. 67 வயதில் ஒருவர் மனம் விட்டுப் பேசிய வார்த்தை. அதே வருடம் செப்டம்பரில் மாரடைப்புக்குப் பின் இறந்துபோனார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எனக்கு வயது 76. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறை கிரீசராகப் பதினெட்டு வருடம் இருந்தவன். 1974 ஜூலையில் எங்கள் கப்பல் பிர்க்கன்ஹெட் துறையில் நின்றது. மெர்சி ஆற்றுக்கு இக்கரை பிர்க்கன்ஹெட், அக்கரை லிவர்பூல். அன்று 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. சரக்கை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மாலைப் பத்திரிகை எக்கோவை வாங்கிக்கொண்டு வந்தார். படித்தார், நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பென்சிலை எடுத்தார், நாலு மூட்டை போனது, குறிக்கவில்லை. மறுபடி பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஷாங்க்லி விலகிவிட்டார் என்றார். எனக்கு அந்தப் பெயர் அன்றுவரை தெரியாது. ஒரு மேலாளர் வேலையை விட்டதற்கா இந்த மனுஷர் இப்படி நிற்கிறார் என்று திகைத்துப்போனேன். மறுநாள் படகில் அக்கரை போனேன். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு, அதே முகம். அன்றிலிருந்து அவரைப் பற்றி எது கையில் கிடைத்தாலும் படித்துக்கொண்டு வருகிறேன்.

தங்கள் கட்டுரை அவர் வென்ற கோப்பைகளை எண்ணிவிட்டு நின்றுவிடுகிறது. இங்கிலாந்து லீக் பட்டம் மூன்று, அந்நாட்டு அணிகள் மோதும் எஃப்ஏ கோப்பை இரண்டு, ஐரோப்பிய அணிகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை ஒன்று. கணக்கு சரிதான். ஆனால் 1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் இருந்தது லீக்கின் இரண்டாம் அடுக்கான இரண்டாம் டிவிஷனில். பயிற்சி மைதானமான மெல்வுட்டில் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது. அதற்கு முன் பத்து வருடம் கார்லைல், க்ரிம்ஸ்பி, வொர்க்கிங்டன், ஹடர்ஸ்ஃபீல்டு என்று கையில் காசில்லாத அணிகளோடு மல்லுக்கட்டியவர் அவர். ஆட்டக்காரராகவும் அவருக்குக் காலம் கைகொடுக்கவில்லை. ப்ரெஸ்டன் அணிக்காக 1938-ல் எஃப்ஏ கோப்பை வென்றார், அதே வருடம் ஸ்காட்லாந்து அணியிலும் இடம் பிடித்தார். மறுவருடம் போர் வந்து அவருடைய நல்ல வயதைத் தின்றுவிட்டது.

லிவர்பூலில் அவர் 24 ஆட்டக்காரர்களை வெளியே அனுப்பினார் என்பதைப் பலரும் எழுதுகிறார்கள். அவர் யாரை அனுப்பவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பொதுவாகப் புது மேலாளர் வந்தால் பழைய உதவியாளர்களுக்குச் சீட்டுக் கிழியும். பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் மூவரையும் இவர் அப்படியே வைத்துக்கொண்டார். காலணிகள் அடுக்கும் ஒரு சின்ன அறைதான் அவர்களுக்கு ஆலோசனை மண்டபம். 1962-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், 1964-ல் பட்டம். 1965-ல் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் எஃப்ஏ கோப்பை. அந்த இறுதியாட்டத்தில் ஜெர்ரி பைர்ன் ஆரம்பத்திலேயே காறையெலும்பு முறிந்தும் கூடுதல் நேரம் முடியும்வரை ஆடினார். அன்று மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இல்லை. 1966-ல் பட்டம் வென்றபோது முழு சீசனுக்கும் பயன்படுத்தியது 14 பேரை மட்டுமே. இன்றைக்கு ஒரே ஆட்டத்தில் 16 பேர் இறங்கிவிடுகிறார்கள்.

ஒவ்வொருவரும் மற்றவருக்காக உழைக்க வேண்டும், பலனில் எல்லோருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பொதுவுடைமை. சுரங்கத்தில் பக்கத்தில் நிற்பவன் கண் அயர்ந்தால் உன் உயிர் போகும். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்குத் தானே தட்டச்சில் உட்கார்ந்து பதில் போடுவார். 1973 ஏப்ரலில் பட்டம் வென்றதும் லிவர்பூல் மைதானத்தில் தீவிர ரசிகர்கள் கூடும் கோப் பகுதிக்கு முன்னால் நடந்து போகிறார். யாரோ ஒருவர் தம் கழுத்துத் துண்டை அவரை நோக்கி எறிகிறார். அங்கிருந்த காவலர் அதை அப்பால் தள்ளிவிட, ஷாங்க்லி நின்று, குனிந்து எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். அப்படிச் செய்யாதீர்கள், இது ஒருவருக்கு மிக அருமையான பொருள் என்று காவலரிடம் சொன்னார். பிர்க்கன்ஹெட் துறையில் அந்த டேலி கிளார்க் ஏன் அப்படி நின்றார் என்று இதைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

விலகும்போது அவருக்கு 60 வயது. இரண்டு மாதம் முன்புதான் நியூகாசிலை 3-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கியிருந்தார். களைப்பாக இருக்கிறது என்று போனவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மெல்வுட் பயிற்சிக்கு வந்து நின்றார். ஆட்டக்காரர்கள் பழைய பழக்கத்தில் அவரையே 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். புது மேலாளர் பெய்ஸ்லிக்குச் சங்கடம். கடைசியில் வர வேண்டாம் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. எதிரி அணியான எவர்ட்டனின் பயிற்சி மைதானம் அவர் வீட்டுக்கு அருகில்தான். அங்கே அவரை வரவேற்றார்கள். பெய்ஸ்லி மேல் எனக்குக் குறை இல்லை. அவர் ஒன்பது சீசனில் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார், அந்தக் காலணி அறையிலிருந்தே வந்தவர். ஆனாலும் ஷாங்க்லிக்கு அந்த வாசல் திறந்தே இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

க்ளென்பக் இன்று இல்லை. சுரங்கம் மூடி, ஆட்கள் போய், வீடுகளும் போய்விட்டன. பிறகு அந்த நிலத்தையே திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டினார்கள். அங்கே ஷாங்க்லிக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆகவே தங்களுக்கு ஒரு வேண்டுகோள். திருத்தம் வெளியிடும்போது 'ஸ்காட்லாந்து' என்று மட்டும் போட்டு விட்டுவிடாமல், ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் கிரீசர்,
தூத்துக்குடி