ஒண்டையும் அழிக்கமுன்னம் இதை வாசி, பிள்ளை

புதுக்குடியிருப்பு

அன்பு மகளுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். மருமகனைக் கனடாவுக்குக் கூப்பிடுற ஸ்பொன்சர் அலுவலுக்கு உங்கட ரெண்டு பேரின்ர மெசேஜுகளும் வேணும், ஐகிளவுட் (ஆப்பிளின்ர இணையச் சேமிப்பிடம்) நிரம்பிப்போச்சு எண்டு உன்ர ஐபோன் ஒரே கத்துது, பழசுகளை அழிச்சு இடம் எடுக்கட்டோ எண்டு கேட்டிருந்தாய். ஒண்டையும் அழிக்காதை. ஏன் எண்டு சொல்லுறன்.

செற்றிங்ஸுக்குப் போய், மேல இருக்கிற உன்ர பேரைத் தொட்டு, ஐகிளவுட்டுக்குள்ள மெசேஜஸ் எண்டதைப் பார். சுவிச் பச்சையா இருந்தால் அங்க நடக்கிறது பக்கப், அதாவது தனியா ஒரு பிரதி எடுத்து வைக்கிறது, இல்லை; சிங்க், அதாவது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வச்சிருக்கிறது. 2018 இல ஐஓஎஸ் 11.4 ஓட வந்த ஏற்பாடு அது. போனில இருக்கிறதும் ஐகிளவுட்டில இருக்கிறதும் ஒரே பட்டியல். போனில ஒண்டை அழிச்சால் அங்கயும் அழியும், அதே கணக்கில ஐபாட் இருந்தால் அதிலயும் அழியும். சரி, ராவில எடுபடுற ஐகிளவுட் பக்கப்பில ஒரு பிரதி கிடக்கும்தானே எண்டு நினைப்பாய். கிடக்காது. அந்தச் சுவிச் போட்டிருந்தால் மெசேஜுகள் பக்கப்புக்குள்ள போறதில்லை. கன பேர் விழுற குழி இதுதான்.

இடத்தைப் பிடிச்சிருக்கிறது பெரும்பாலும் மெசேஜும் இல்லை. ஆப்பிள் சும்மா தாறது 5 ஜிபி. கணக்கின்ர இடத்தை நிர்வகிக்கிற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு எண்டு காட்டும். படமும் வீடியோவும்தான் முன்னுக்கு நிக்கும். ஒரு மாதத்துக்கு 50 ஜிபி வாங்கு. ஒரு கோப்பிக் காசுதான், வேலை முடிய நிப்பாட்டலாம்.

அதோட மெசேஜஸின்ர செற்றிங்ஸில 'கீப் மெசேஜஸ்' எண்டு ஒண்டு இருக்கு. அது 30 நாள் எண்டோ ஒரு வருசம் எண்டோ இருந்தால் பழசுகளைப் போன் தானா அழிச்சுக்கொண்டு வரும், உன்னட்டைத் திருப்பிக் கேளாது. 'ஃபொரெவர்' எண்டு மாத்தி விடு. ஏற்கனவே ஏதும் அழிச்சிருந்தால், ஐஓஎஸ் 16 அல்லது அதுக்குப் பிந்தினதெண்டால், மெசேஜ் பட்டியலில மேல 'எடிட்' அல்லது 'ஃபில்டர்ஸ்' தொட 'றீசன்ட்லி டிலீற்றட்' வரும். அங்க 30 நாள் வரைக்கும் கிடக்கும், சிலது 40 நாள் வரைக்கும். அதுக்குப் பிறகு சாத்திரம் கேட்டும் பிரியோசனமில்லை.

இனி முக்கியமான விசயம். கிளவுட் உனக்கு மெசேஜை ஒரு ஃபைலாத் தராது; போனுக்குத்தான் திருப்பிக் குடுக்கும். ஐகிளவுட் பக்கப்பைத் திருப்பி எடுக்கிறதெண்டால் போனை முழுக்க அழிச்சுப்போட்டுத்தான் எடுக்கலாம். கூகிளும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். குடிவரவுக்காரருக்கு வேணுமெண்டது கையில பிடிச்சு வாசிக்கக்கூடிய ஒண்டு. ஆனபடியால் கிளவுட்டில கிடக்குது எண்டு ஆறுதலா இருக்காதை. வாசிக்கக்கூடிய ஃபைலா வெளியில எடு.

சாதாரண மெசேஜுக்கு ஐபோனில எக்ஸ்போர்ட் எண்டு ஒரு பொத்தானும் இல்லை. தெரிஞ்ச ஆரிட்டையும் மக் கொம்பியூட்டர் இருந்தால், அதில மெசேஜஸில உன்ர ஆப்பிள் கணக்கால உள்ளிட்டு, ஐகிளவுட் மெசேஜஸைப் போட்டு, உரையாடலைத் திறந்து, பிரிண்ட் குடுத்து, பிடிஎஃப் ஆச் சேமி. ஒரு சிக்கல் இருக்கு: திரையில ஏத்தினவரைக்கும்தான் அச்சாகும். அதால வேணுமான மாதம் வரும்வரை மேல தள்ளித் தள்ளிப் போகவேணும். முடிய மறக்காமல் வெளியேறு. இல்லாட்டி உன்ர மெசேஜெல்லாம் அந்த வீட்டில வந்துகொண்டிருக்கும். மக் இல்லையெண்டால் ஸ்கிறீன்சொட்தான். அதில திகதியும் மேல பேரும் தெரியவேணும்.

நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது கூட வட்ஸ்அப்பில எண்டபடியால் அங்கதான் வேலை கன. உரையாடலைத் திறந்து மேல பேரைத் தொட்டுக் கீழ போனால் 'எக்ஸ்போர்ட் சட்' இருக்கும். மருமகன்ர அன்ட்ரொயிட்டில மூண்டு புள்ளி, 'மோர்', பிறகு அதே சொல். படமில்லாமலோ படத்தோடயோ எண்டு கேக்கும். முதல் படமில்லாமல் எடு. படமில்லாட்டி கடைசி 40,000 மெசேஜ் வரைக்கும் வரும், படத்தோட எண்டால் 10,000 தான். கலியாணம் பேசின காலத்து மெசேஜுகள்தான் உங்களுக்கு வேணும், அதுகள்தான் வெட்டுப்படுறதும். ஃபைலின்ர முதல் வரியில என்ன திகதி எண்டு பார். அதுக்கு முந்தினது வேணுமெண்டால், உரையாடலுக்குள்ள தேடுற இடத்தில கலண்டர் படத்தைத் தொட்டு அந்தத் திகதிக்குப் போய் ஸ்கிறீன்சொட் எடு.

எக்ஸ்போர்ட் பண்ண விடுதில்லை எண்டால், 2025 இல வந்த 'அட்வான்ஸ்ட் சட் பிறைவசி' போட்டிருக்கோ எண்டு பார். அது இருந்தால் வெளியில எடுக்க விடாது. 'டிசப்பியறிங் மெசேஜஸ்' போட்டிருந்தால் இப்பவே நிப்பாட்டு. 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் எண்டு வச்சிருக்கிறவை அந்தந்தக் காலம் முடியப் போயிடும்.

எடுக்கமுன்னம் செய்யவேண்டிய சின்ன வேலை ஒண்டு. ஃபைலில வாற பேர் உன்ர போனில நீ பதிஞ்சு வச்ச பேர். 'செல்லம்' எண்டும் ரெண்டு இதயப் படமும் போட்டிருந்தால் அப்பிடியேதான் வரும். கடவுச்சீட்டில உள்ள பேரை எழுத்துப் பிசகாமல் போட்டுட்டு எடு. மருமகனையும் அப்பிடியே செய்யச் சொல்லு. ரெண்டு பக்கமும் எடுக்கவேணும். நேரம் அந்தந்தப் போனின்ர நேரத்தில வரும் எண்டதையும் மறக்காதை. ஸ்காபரோவுக்கும் இஞ்சைக்கும் கோடையில ஒன்பதரை மணித்தியாலம், பனிக்காலத்தில பத்தரை. அதே மெசேஜ் உன்ர தாளில முதல்நாள் இரவு, அவற்ற தாளில அடுத்தநாள் காலமை எண்டு நிக்கும். எது எந்த ஊர் நேரம் எண்டு தாளின்ர தலைப்பில ஒரு வரி எழுதிவிட்டால் வாசிக்கிறவருக்குச் சந்தேகம் வராது.

ஐபோனில இருந்து சிப் (zip) எண்ட சுருக்கின ஃபைலா வரும், உள்ளுக்க ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நோட்பாட்டில திறந்தால் தமிழ் ஒழுங்காத் தெரியும். எக்செலில திறக்கேக்க பூச்சி பூச்சியா வந்தால் ஃபைல் பழுது எண்டு நினைச்சு எறியாதை. திறக்கேக்க கேக்கிற இடத்தில 65001, யூனிகோட் யூடிஎஃப்-8 எண்டதைத் தெரிவு செய். இஞ்ச சில கடையளில பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில திருப்பி அடிச்சு வடிவாத் தாறம் எண்டு மருமகனுக்குச் சொல்லுவினம். வேண்டாம். திருப்பி அடிச்சது நகல் இல்லை. மொழிபெயர்ப்புத் தேவையெண்டால் மூலத்தாளை அப்பிடியே வச்சு, பக்கத்தில சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின்ர தாள் வரவேணும்.

இனி மருமகன்ர அலுவல். வாய்க்காலுக்க விழுந்த அந்தச் சம்சுங் இனி எழும்பாது. போர்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஆனால் மெசேஜ் கூகிளில இருக்கலாம். அவற்ற ஜிமெயிலால வேற ஒரு போனில கூகிள் டிரைவுக்குப் போய், 'பக்கப்ஸ்' எண்ட இடத்தில அந்தப் போனின்ர பேரும் கடைசித் திகதியும் இருக்கோ எண்டு பார்க்கச் சொல்லு. திறந்து வாசிக்க ஏலாது, இருக்குதெண்டு மட்டும்தான் தெரியும். இருந்தால் ஆறுதலா இருக்க வேண்டாம்: போன் பாவனையில இல்லாமல் 57 நாள் போனால் கூகிள் அதை அழிக்கும். பக்கப்பை நிப்பாட்டுற பொத்தானையும் அமத்தப்படாது, அங்க கிடக்கிற பிரதியும் சேர்ந்து போகும்.

திருப்பி எடுக்கிறது புதுப் போனை முதன்முதல் போட்டு அமைக்கிற நேரத்தில. அவர் அவசரத்தில 'ஸ்கிப்' அமத்திப்போட்டு ஏற்கனவே பாவிக்கத் தொடங்கியிட்டார் போல கிடக்கு. அப்பிடியெண்டால் புதுசா எடுத்த படங்களை வேற இடத்தில போட்டுட்டு, போனை 'றீசெற்' பண்ணித் தொடக்கத்தில இருந்து வரவேணும். பழைய போனின்ர அன்ட்ரொயிட் பதிப்பை விடப் புதுப் போனின்ர பதிப்பு குறைவா இருந்தால் ஏத்தாது.

வட்ஸ்அப் இதுக்க வராது, அது வேற பக்கப். அதுக்குப் பழைய நம்பரும் பழைய கூகிள் கணக்கும் ரெண்டும் அதேயா இருக்கவேணும். நம்பரை உறுதிப்படுத்தினவுடன 'றீஸ்டோர்' கேக்கும். தவற விட்டால், புதுப் பக்கப் எடுபட்டுப் பழசை மூடமுன்னம் வட்ஸ்அப் ஆப்பை அழிச்சுத் திருப்பிப் போடவேணும். 'என்ட் டு என்ட்' பூட்டுப் போட்டிருந்தால் பாஸ்வேட் அல்லது 64 இலக்கச் சாவி வேணும். அது மறந்தால் வட்ஸ்அப்காரராலயும் திறக்க ஏலாது. இந்தக் கூகிள் பக்கப் உன்ர ஐபோனில ஏறாது எண்டதையும் சொல்லிவைக்கிறன், இஞ்ச இருந்து அனுப்பு எண்டு கேட்டு நேரத்தை வீணாக்காதை.

எல்லாத்துக்கும் முதல் சிம். கூகிளும் வட்ஸ்அப்பும் அனுப்புற உறுதிப்படுத்தல் இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். சிம் மாத்த அடையாள அட்டையோட போகவேண்டியது சிம் ஆற்ற பேரில பதிவோ அவர். மருமகன்ர சிம் அவற்ற தாய்மாமன்ர பேரில எண்டு கேள்வி. வன்னியில பாதிச் சிம் அப்பிடித்தான். மாமனைக் கூட்டிக்கொண்டுதான் போகவேணும். காசு போடாமல் விட்டால் நம்பர் வேற ஆளுக்குப் போயிடும், வட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பாவிக்காட்டி அழியும்.

கூகிளில ஒண்டுமே இல்லாட்டி ஏன் எண்டதும் தெரியும். இஞ்ச வீடுகளில வைஃபை இல்லை, எல்லாம் சிம் டேற்றா. பக்கப் வைஃபை வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கும். இனிமேல் பக்கத்துப் போனில ஹொட்ஸ்பொட் போட்டுச் சார்ஜரில கொழுவி ராவில விடச் சொல்லு. போனுக்கு அதுவும் வைஃபை மாதிரித்தான், ஆனால் சில போன் ஹொட்ஸ்பொட்டை டேற்றாக் கணக்கில எடுத்துப் பக்கப் எடுக்காமல் விடும், அதால எடுபட்டதோ எண்டு காலமை பார்க்கவேணும். வட்ஸ்அப்பில டேற்றாவிலயும் எடு எண்டு மாத்தலாம், வீடியோவை மட்டும் விட்டுவிடவேணும், இல்லாட்டிப் பொதி ஒரு இரவில முடியும். சாதாரண மெசேஜுக்கு 'எஸ்எம்எஸ் பக்கப் அன்ட் றீஸ்டோர்' எண்ட ஆப் நல்லது. எக்ஸ்எம்எல் ஃபைலாத் தரும், டிரைவில தானாப் போடும், கொம்பியூட்டரிலயும் வாசிக்கலாம். திருப்பி ஏத்தேக்க தன்னைப் பிரதான மெசேஜ் ஆப் ஆக்கச் சொல்லிக் கேக்கும். முடிய பழைய ஆப்புக்கு மாத்தாட்டி புது மெசேஜ் வந்து விழாது.

அழிஞ்ச மெசேஜை எடுத்துத் தாறம் எண்டு ஃபேஸ்புக்கில நிக்கிறவைக்கு ஒரு பாஸ்வேட்டும் குடுக்காதை, போனுக்கு வாற இலக்கமும் சொல்லாதை.

எடுத்த ஃபைல்களை வருசம், மாதம், திகதி எண்ட ஒழுங்கில பேர் வச்சு, உன்ர கணக்கில ஒண்டு, அவற்ற கணக்கில ஒண்டு, கொம்பியூட்டரில ஒண்டு எண்டு வை. பென்டிரைவை மட்டும் நம்பாதை. மூலத்தில ஒரு எழுத்தும் திருத்தாதை. கோபத்தில எழுதினதை வெட்டினால் தொடர்ச்சி அறுந்து நிக்கும், அதுதான் பார்க்கிறவருக்கு முதல் கண்ணில படும்.

உன்ர போன் எந்த மொடல், ஐஓஎஸ் எத்தனை, அந்தச் சுவிச் பச்சையோ இல்லையோ எண்டு எழுது. மருமகனை மாமனோடயும் மாமன்ர அடையாள அட்டையோடயும் திங்கக்கிழமை காலமை கடைக்கு வரச் சொல்லு, சிம் அலுவலை நான் கூடப் போய்ப் பாக்கிறன்.

அன்புடன்,
அப்பா