2024 ஆண்டறிக்கை: ஒரு பந்தாட்டக்காரரின் வாழ்க்கையை நாம் வாசித்த கதை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயரவாள் அவர்களே, வாசகர் வட்டத்து அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை, பாளையங்கோட்டையில் நம் சபை வளாகத்தில் கூடினோம். மே மாதம் மட்டும் வெயிலாலும் கல்யாண வீடுகளாலும் கூட்டம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களில் காப்பாற்ற முடிந்தவற்றைக் காயவைத்து, தைத்து, அட்டை போட்டாயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேச வைத்தது ஒரே புத்தகம்தான். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் டிம் டீபோ எழுதி 2011-இல் வெளியான தன்வரலாறு. ஆங்கிலம் என்பதால், கல்லூரியில் படிக்கும் நம் தங்கை ஒருவர் வீட்டில் வாசித்து வந்து, கூட்டத்துக்குக் கூட்டம் தமிழில் கதையாகச் சொன்னார். அவருக்கு இந்தச் சபை கடன்பட்டிருக்கிறது.

ஃபுட்பால் என்றதும் நம் பள்ளிக்கூட மைதானங்களில் பார்க்கிற கால்பந்து என்றே நினைத்து வந்தோம். முதல் கூட்டத்திலேயே அது வேறு ஆட்டம் என்று தெரிந்தது. ஓய்வுபெற்ற பி.டி. சார் கரும்பலகையில் வரைந்து காட்டினார்: பக்கத்துக்கு 11 பேர், முட்டை வடிவப் பந்து, கையால் எறியலாம், ஏந்திக்கொண்டு ஓடலாம், நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். டீபோவின் இடம் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கிய நொடியிலேயே எறிவதா, ஓடுவதா என்று முடிவெடுக்கிறவர்.

அவர் 1987-இல் பிலிப்பைன்ஸில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் அங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள் என்றதும், டோனாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அன்று டோனாவூர் இல்லத்தைப் பற்றிப் பேசியதிலேயே பாதி நேரம் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

கருத்து வேறுபாடு வந்தது பிறப்புக் கதையில். தாய்க்கு அமீபா வயிற்றுப்போக்கு வந்து கடுமையான மருந்துகள் எடுத்திருந்தார். கருவைக் கலைக்கும்படி டாக்டர்கள் சொல்லியும் மறுத்துப் பெற்ற பிள்ளை இவர். பலர் கண் கலங்கினார்கள். அப்புறம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா எழுந்தார். இந்தச் சாட்சியை நம்புகிறேன், ஆனால் அப்படிச் சொல்லும் டாக்டர் தாயின் உயிரை நினைத்துச் சொல்கிறார், வேறு முடிவு எடுக்க வேண்டி வந்த ஒரு பெண் முன்னால் இந்தக் கதையைக் கல்லாகத் தூக்காதீர்கள் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இந்த ஆண்டு நம் கூட்டத்தில் பேசப்பட்ட மிக முக்கியமான வார்த்தை அதுதான் என்று கருதுவதால், அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

அடுத்தது எண் விவகாரம். 2009 ஜனவரி 8-ஆம் தேதி தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில், கண்ணுக்குக் கீழே பூசிய கரிய மையில் யோவான் 3:16 என்று வேத வசன எண்ணை எழுதிக்கொண்டு ஃபுளோரிடா பல்கலைக்கழக அணிக்காக ஆடி வென்றார். சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2012-இல் அதே தேதியில், டென்வர் தொழில்முறை அணிக்காக மொத்தம் 316 கஜம் எறிந்து பிட்ஸ்பர்க்கைத் தோற்கடித்தார். ஓர் எறிதலுக்குச் சராசரி 31.6 என்பதையும் சேர்த்து இரண்டு அற்புதம் என்றார் ஒரு தம்பி. கணக்கு டீச்சர் பொறுமையாகத் திருத்தினார்: சக ஆட்டக்காரர் கைசேர்ந்த எறிதல் பத்து, 316-ஐப் பத்தால் வகுத்தால் 31.6 வரத்தான் செய்யும், இரண்டும் ஒன்றுதான். அந்த ஆட்டம் புத்தகம் வந்த பிறகு நடந்தது, நாம் செய்தியாக அறிந்து சேர்த்துக்கொண்டது என்பதையும் அவரே நினைவூட்டினார்.

மைதானத்தில் எல்லோரும் பார்க்க டீபோ முழங்காலில் நின்று ஜெபிப்பது சரியா, அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்க அல்லவா ஆண்டவர் சொன்னார் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆடுகிறவரின் சாட்சியைப் பற்றியும் அவருக்கு மனக்குறை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்று ஞாயிறு என்பதால் 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடலை அவர் எடுத்துக்காட்டினார். ஞாயிறும் டூட்டி பார்க்கிற நம் பிள்ளைகளை என்ன சொல்வது என்று இளைஞர்கள் கேட்டார்கள். அது முடியாத பேச்சு.

23 வயதில் வாழ்க்கை வரலாறா, காய் பழுக்குமுன் பறித்துவிட்டார்கள் என்பது இன்னொரு அண்ணாச்சியின் கருத்து. எனக்கும் அப்படியே பட்டது. 2007-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியதைவிட, 2008 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் ஒரே புள்ளியில் தோற்று, இனி என்னைவிடக் கடினமாக உழைக்கிற ஒருவரைப் பார்க்கமாட்டீர்கள் என்று அழுகையை அடக்கிச் சொன்ன இடம்தான் என்னைப் பிடித்தது. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு பட்டம் கிடைத்துவிட்டது. பிட்ஸ்பர்க்கை வென்ற இரண்டே மாதத்தில் டென்வர் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. அப்புறம் அணி அணியாக விடுவிக்கப்பட்டார். 2016-இல் பேஸ்பால் பக்கம் போனார், அதிலும் முதல்நிலை அணிக்கு எட்டாமலே 2021-இல் விலகினார். பட்டம் வராத அந்த ஆண்டுகளில் அவர் எப்படி ஜெபித்தார் என்றுதான் எனக்கு வாசிக்க ஆசை. நம் வீடுகளில் பரீட்சையிலும் வேலையிலும் தோற்று நிற்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்கள் வேண்டும்.

அவருடைய அறக்கட்டளை 2015 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திருச்சபைகள் வழியே விருந்து இரவு நடத்துகிறது என்று தங்கை சொன்னபோது, ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் பெயரில் காதுகேளாதோர் பள்ளி இருக்கிற ஊரில் நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று பெரியம்மா கேட்டார். அனுமதி கேட்டு அங்கே ஒரு மாலை போவது என்று தீர்மானித்திருக்கிறோம். சைகைமொழி தெரிந்தவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

புதிய ஆண்டின் முதல் வாசிப்பு, மூப்பரின் விருப்பப்படி, எரிக் லிடலின் வாழ்க்கை. டீபோ புத்தகத்தின் இரண்டாவது பிரதி யார் வீட்டில் இருக்கிறதோ, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து தாருங்கள். மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

இந்த அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்