பெரிய பிரேக் போட்டாச்சு, புஷ்ஷைப் பார்த்தீங்களா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா புதுக் காடி வாங்கினால் பழைய புரோட்டோன் சாகாவோ வீராவோ மகன் கைக்குப் போகும், மகன் முதல் சம்பளத்தில் ஸ்போர்ட் ரிம் போடுவான், அடுத்த சம்பளத்தில் ஸ்பிரிங்கை மாற்றிக் காடியைத் தாழ்த்துவான், அப்புறம் கூட்டாளி சொன்னான் என்று முன்பக்கத்துக்குப் பெரிய பிரேக். இதைக் குறை சொல்ல நான் வரவில்லை, அந்த வயதில் நானும் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியவன்தான். ஆனால் பெரிய பிரேக் போட்ட பின், சக்கரத்தைப் பிடித்து வைக்கும் புஷ் என்ற ஒரு ரப்பர் துண்டால் போன மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

காடி 1996-இல் நான் புதிதாக வாங்கிய வீரா 1.5. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 13 அங்குல ரிம், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. இத்தனை வருடமும் என் பேரில்தான் இருக்கிறது. மகன் அதற்கு 15 அங்குல ரிம் போட்டான், ரிம் வெளியே தள்ளி நின்றால் அழகு என்று ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைத்தான், இரண்டு அங்குலம் தாழ்த்தினான், கடைசியில் பழைய காடிகளை வெட்டி உதிரி விற்கும் ஹாஃப்கட் கடையில் சத்ரியா ஜிடிஐ என்ற வேகக் காடியின் முன் பிரேக்கைப் பழசாக 650 வெள்ளிக்கு வாங்கி ஒரு பட்டறையில் மாட்டினான். அவன் அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்க, நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டாவது வாரம், பத்துமலைப் பக்கம் எம்ஆர்ஆர் 2 சாலை. முன்னால் போன லோரி திடீரென்று நின்றது, மகன் பிரேக்கை மிதித்தான், காடி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. ஸ்டியரிங் அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் இழுத்தது. அடுத்த தடத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் விலகிப் போனதால் பிழைத்தோம். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, திட்டியதிலும் தப்பில்லை.

பட்டறைக்குப் போனோம். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட் என்றார்கள், 40 வெள்ளி. மறுபடி இழுத்தது. பிரேக் பேட் என்றார்கள், மாற்றினோம். இழுத்தது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் சிக்குகிறது என்று இன்னொரு பழைய காலிப்பர். அப்போதும் இழுத்தது. மூன்று முறை போயும் ஒருவர்கூடக் காடியைத் தூக்கி வைத்துக் கீழே விளக்கடித்துப் பார்க்கவில்லை.

கடைசியில் சான் சௌ லின் பக்கம் ஒரு வயதான சீன மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. மகனை உள்ளே உட்கார வைத்து, மெதுவாக முன்னே போய் பிரேக் அடி, பின்னே வந்து பிரேக் அடி என்றார். என்னைப் பக்கத்தில் நின்று இடது சக்கரத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ‘டுக்’ என்று ஒரு சத்தம். முன்னே போய்ப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் மட்கார்டுக்குள் ஒரு விரல் அளவு பின்னால் போய், விட்டதும் திரும்பி வந்தது. அப்புறம் காடியைத் தூக்கிக் கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் லோவர் ஆர்மின் பின் புஷ்ஷில், அதாவது அதன் மூட்டிலுள்ள ரப்பரில், கொடுத்து நெம்பினார். ரப்பர் நடுவில் கிழிந்து வாயைத் திறந்து காட்டியது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பிரேக் பிடிக்கும்போது தரை சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தை இருந்த இடத்தில் வைத்திருப்பது அந்த ஆர்மும் புஷ்ஷும்தான். ஒரு பக்கம் புஷ் கிழிந்தால் அந்தச் சக்கரம் பின்னால் போகும், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் போகாது, அதனால் சக்கரம் பார்க்கும் திசையே மாறிவிடும். நின்றுகொண்டிருக்கும் காடிக்கு அலைன்மெண்ட் பார்த்து என்ன செய்வது? பழைய சின்னப் பிரேக் இருந்தவரை இந்த இழுப்பு லேசாக இருந்திருக்கும், நான் சாலைச் சரிவு என்று நினைத்திருப்பேன். அதே மிதிக்குப் பெரிய பிரேக் அதிகமாகப் பிடித்தவுடன் குட்டு வெளிப்பட்டது. ஸ்பேசர் வேறு இருந்தது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, இடது வலது பிரேக்கில் உள்ள சின்ன வித்தியாசத்தையும் ஸ்டியரிங் பெரிதாக்கிக் கையில் கொடுக்கும்.

தாழ்த்தியதற்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான் மகன். வீரா மாதிரி காடியில் லோவர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்க வேண்டுமாம், இவன் தாழ்த்தியதில் அது மேலே பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி ஆனால் காடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர், காடி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். உயரம் குறைந்தும் வளைவில் சாய்வது குறையாது, கூடவும் செய்யலாம். டை ராட்டின் கோணமும் மாறிவிடுவதால் ஒரு குழியில் விழுந்தாலே சக்கரம் தானாகத் திரும்பும். நம் கோலாலம்பூர் சாலைகளில் மேன்ஹோல் மூடிக்குப் பஞ்சமா என்ன.

பிரேக் எண்ணெய் போகும் ஹோஸையும் காட்டினார். மகன் பிரேக்கை அமுக்க, 1996-இலிருந்து மாற்றாத ரப்பர் ஹோஸ் இரை விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் புடைத்தது. பிரேக் எண்ணெய் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை அந்த எண்ணெயின் தரங்கள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும், எண்ணெய் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். அங்கே எவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தும் பிரயோசனமில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், பல பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. பழைய சின்னப் பிரேக்கே ஓங்கி மிதித்தால் சக்கரத்தை லாக் பண்ணிவிடும் என்றால், பெரிய டிஸ்க் போட்டு நிற்கும் தூரம் குறையாது. அங்கே நிறுத்துவது டயரின் பிடி. பெரிய டிஸ்க்கின் லாபம் அடுத்தடுத்து பிடிக்கும்போது சூடு தாங்குவது, அதாவது மலை இறக்கம். காலிப்பர் பிஸ்டன் பெரிதாகி, பெடல் அமுக்கும் மாஸ்டர் பம்ப் பழைய அளவிலேயே இருந்தால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும், முன் பின் பிரேக்கின் பங்கும் மாறிவிடும். மகனின் பெடல் பஞ்சு மாதிரி இருந்ததற்குப் பாதிக் காரணம் அது, பாதி அந்த ஹோஸ்.

இரண்டு லோவர் ஆர்ம், ஹோஸ்கள், டாட் 4 எண்ணெய், பின் டிரம் சரிசெய்தது, கடைசியாக அலைன்மெண்ட், எல்லாம் சேர்த்து 480 வெள்ளி. ஸ்பேசர் போனது, பழைய ஸ்பிரிங் திரும்பி வந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் பெரிய பிரேக் தேவைப்பட்டிருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.

நான் எழுத வந்த விஷயம் இதுதான். லோரிக்கும் பஸ்சுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் மாதிரி வாகனப் பரிசோதனை நிலையத்தில் சோதனை கட்டாயம். நம் சொந்தக் காடிக்கு அப்படித் தவணைச் சோதனை இல்லை, பெயர் மாற்றுவது மாதிரி சில சமயங்களில்தான் பார்ப்பார்கள். அதனால் 25, 30 வருடமாக ஒரே பெயரில் ஓடும் வீராவும் சாகாவும் பிரேக் சோதனை இயந்திரத்தையே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, போன வாரம் வரை என் காடியும் அப்படித்தான். ஆனால் நாமே விரும்பிக் கொண்டுபோய்ப் பணம் கட்டிச் சோதிக்கலாம். போன வாரம் போனேன். உருளை மேல் ஏற்றி இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு, மூன்று பட்டறைப் பயணத்தில் கிடைக்காத பதில் சில நிமிடங்களில் கிடைத்தது. காடியில் மாற்றம் செய்தவர்கள் எதற்கெல்லாம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யின் அனுமதி வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டறை நடத்தும் நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய பிரேக் கேட்டு வரும் தம்பியிடம் காசு வாங்குவதற்கு முன்னால் காடியைத் தூக்கி அந்தப் புஷ்ஷில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிக் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. கழற்றிய பழைய பொருளைக் கையில் கொடுங்கள். என் ஆர்மை அந்த மெக்கானிக் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார், வீட்டு வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மகனின் கூட்டாளிகள் வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறேன். மகனுக்கு வெட்கம், இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய வீராக்காரன்,
செந்தூல், கோலாலம்பூர்