பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி

ஐயா,

சேலத்தில் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கல்யாண டிவிடி இருக்கும். இன்றும் அதைக் 'கல்யாண கேசட்' என்று சொல்பவர்கள் உண்டு. பத்திரமாக வைத்திருக்கிறோம், அது அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம். கடையில் விற்ற சினிமா டிவிடியில் பதிவு பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அச்சாகியிருக்கும். ஸ்டூடியோவில் எழுதித் தந்த டிஸ்க்கோ மெல்லிய சாயப் படலத்தை லேசரால் சுட்டுப் பதிந்தது. வெயில் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். விளிம்பில் ஈரம் ஏறினால் உள்ளே லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சு கெடும். டிஸ்க் இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்துவிட வேண்டும்.

ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் பிளாஸ்டிக் உறை டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பூக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். பதிவு சுற்றிச் சுற்றி ஓடுவதால், அதே திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாகத் தகவலைத் தின்றுவிடும். குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளிக்கும். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது.

கணினியில் போட்டதும் 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். படம் 1 ஜிபி துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் மாப்பிள்ளை அழைப்பு வரும், தாலி கட்டுவது வராது. ஒரு டிரைவில் நின்றுபோகும் டிஸ்க் இன்னொன்றில் ஓடக்கூடும். இரண்டு மூன்றில் போட்டுப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள்.

புதிதாக ரைட்டர், அதாவது டிஸ்க்கில் எழுதும் கருவி, வாங்குபவர்களுக்கு: மேசைக் கணினி என்றால் உள்ளே 'சாட்டா' (SATA) கேபிளில் பொருத்தும் ரைட்டர் நல்லது. லேப்டாப்புக்கு யுஎஸ்பி-யில் செருகும் மெல்லிய ரைட்டர். அதில் டிவிடி எழுதும் வேகம் பெரும்பாலும் 8எக்ஸ் வரைதான், அது போதும். டிஸ்க் சுற்றுகிறது, பாதியில் எழுத்து நிற்கிறது என்றால் பலமுறை குற்றவாளி மின்சாரம்தான். பல யுஎஸ்பி செருகும் ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்; இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள்.

ஒருமுறை எழுதும் டிஸ்க்கில் மைனஸ் ஆர் (DVD-R), பிளஸ் ஆர் (DVD+R) என்று இரண்டு வகை உண்டு. இப்போதைய ரைட்டர்கள் இரண்டையும் எழுதும். டிவி பக்கத்தில் பழைய பிளேயர் இருந்தால் மைனஸ் ஆர் வாங்குங்கள். ஆர்டபிள்யூ (RW) டிஸ்க்கைச் சுமார் 1,000 முறை அழித்து எழுதலாம். சோதித்துப் பார்க்க உதவும், காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதை அதில் எழுத வேண்டாம். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் அடுக்கு மாறும் இடத்தில் பழைய பிளேயர்களில் தடுமாறும். அதைவிட இரண்டு சாதா டிஸ்க் மேல். உறையில் 4.7 என்று போட்டிருந்தும் கணினி 4.38 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. 470 கோடி பைட்டைக் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கணினி 1,024 ஆக எண்ணுகிறது. ஆகவே 4.5 ஜிபி என்று கணினி காட்டும் படம் அதில் ஏறாது.

16எக்ஸ் டிஸ்க்கை 8எக்ஸில் எழுதினால் பத்து நிமிடத்துக்குள் முடியும். முடிந்ததும் எழுதியது சரியா என்று பார்க்கும் 'வெரிஃபை' கட்டாயம்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு டிஸ்க் எழுதும் ஸ்டூடியோ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல், கொடுக்காதீர்கள். உங்கள் கணினியில் ஓடும், மாமியார் வீட்டு பிளேயரில் ஓடாது. மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கரை மேலே ஒட்டாதீர்கள். சற்றே கோணலாக ஒட்டினாலும் வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும். பசை காய்ந்து சுருங்கினால் டிஸ்க்கையே வளைக்கும். படம் வேண்டுமென்றால் அச்சிடத்தக்க வெள்ளை மேற்பரப்பு டிஸ்க் கிடைக்கிறது. பெயரும் தேதியும் மட்டும் போதுமென்றால் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் டிஸ்க் மார்க்கரால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவை வைத்து அழுத்த வேண்டாம்.

வீட்டுக்காரர்களும் டிஸ்க்கோடு அதே ஃபோல்டரை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கை மெல்லிய உறையில் செருகாமல் கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். பதிவு உள்ளிருந்து வெளியே போகும். அதனால் விளிம்பு கெடும்போது முதலில் போவது படத்தின் கடைசிப் பகுதிதான்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டிங் தொழிலில் இருக்கும் வாசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.